22 பிக்கோவா, 33 பிக்கோவா?

கேள்வி, 2023 ஜூன் 4

அண்ணா, நிரல் ஏற்றி ஓட்டும் ஏடிமெகா328பி சில்லு, அதற்குத் துடிப்பு தர 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஒரு வரைபடத்தில் கிரிஸ்டலுக்கு இரண்டு 22 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் 33. சில்லுக்கு மின்சாரம் நுழையும் விசிசி காலுக்கு ஒருவர் 104 (100 நானோ) என்கிறார், ஒருவர் 10 மைக்ரோ என்கிறார், மூன்றாமவர் 470 மைக்ரோ என்கிறார். கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே? எல்லா இடத்திலும் பெரியதையே போட்டுவிடலாமா?

ஜூன் 4, இரவு

கிரிஸ்டலுக்கு 22. ஒவ்வொரு விசிசி காலுக்கும் ஒரு 104. போர்டுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு 10 மைக்ரோ. ரீசெட் காலிலிருந்து விசிசிக்கு 10 கிலோ ஓம், அதே காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 104. பெரியதையே போடலாமா என்றால், கூடாது. ஏன் என்பதைத் தூக்கம் வராத நாளில் எழுதுகிறேன்.

ஜூன் 5, விடிகாலை

தூக்கம் வரவில்லை.

கிரிஸ்டலின் தகரத்தில் பொறித்திருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் ஒரு நிபந்தனையோடு வருகிறது. அதன் இரண்டு கால்களுக்கும் இடையே இத்தனை பிக்கோ சுமை இருந்தால்தான் அந்த அதிர்வெண் கிடைக்கும். அந்தச் சுமை எவ்வளவு என்று கிரிஸ்டலின் தரவுத்தாளில் இருக்கும். பெரும்பாலும் 18 அல்லது 20 பிக்கோ. நாம் போடும் இரண்டு கெப்பாசிட்டர்களும் கிரிஸ்டலின் கண்ணுக்குத் தொடர் இணைப்பாகத் தெரியும். அதனால் இரண்டு 22 சேர்ந்தால் 11தான். அதோடு சில்லின் கால், செம்புத் தடம் எல்லாம் கூலி கேட்காமல் கொண்டுவரும் மூன்று முதல் ஐந்து பிக்கோ. 5 என்றே வைத்தால் மொத்தம் 16. இரண்டு 33 போட்டால் 21.5.

18 பிக்கோ கிரிஸ்டலுக்குத் தலைகீழாகக் கணக்கிடுங்கள். 18-இல் 5 போனால் 13, அதை இரட்டித்தால் 26. கடையில் கிடைப்பது 27. ஆக, உங்கள் இரண்டு வரைபடமுமே சரியில்லை! ஆனால் ஏடிமெகா328பி-யின் தரவுத்தாள் 12 முதல் 22 வரை போடச் சொல்கிறது. அதை மீறி 33 வரை ஏற்றினால் கிரிஸ்டலைத் துடிக்கவைக்கும் ஆஸிலேட்டருக்குப் பளு கூடும். மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது துடிக்கத் தொடங்காமலே நின்றுவிடக்கூடும். ஆகவே 22. கிரிஸ்டல் ஒரு நூலளவு வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

நூலளவு என்றால் எவ்வளவு? இந்த வகைக் கிரிஸ்டலில் சுமை ஒரு பிக்கோ மாறினால் அதிர்வெண் ஏறக்குறைய 10 முதல் 15 பிபிஎம் நகரும். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு பிக்கோ குறைந்தால் 20, 30 பிபிஎம். கணினியோடு சீரியலில் பேசும்போது இரண்டு சதவீதம் வரை தவறினாலும் பேச்சு ஓடும். இரண்டு சதவீதம் என்பது 20,000 பிபிஎம். 22-ஆ 33-ஆ என்று சண்டை போடுகிறவர்கள் யானை எடை போடும் தராசில் எறும்பைத் தேடுகிறார்கள்.

ஜூன் 5, மதியம்

அந்த 33 எங்கிருந்து வந்தது என்று காலையில் பல் துலக்கும்போது நினைவுக்கு வந்தது. 8051 என்ற பழைய சில்லின் காலத்து மிச்சம். அந்த வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52 தரவுத்தாளில் கிரிஸ்டலுக்கு 30 பிக்கோ, பத்து கூடலாம் குறையலாம் என்று இருக்கும். நம் ஊர் ஆய்வகங்களில் அது 33 ஆகி, ரெக்கார்டு நோட்டிலிருந்து ரெக்கார்டு நோட்டுக்கு வாழையடி வாழையாக வந்து, கடைசியில் சில்லு மாறியபின்பும் உங்கள் வரைபடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதே நோட்டில் இன்னொரு எண்ணும் இருக்கும், 11.0592 மெகாஹெர்ட்ஸ். ஏன் இந்தக் கோணல் எண் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் 12-ஆல் வகுத்து, 32-ஆல் வகுத்து, 3-ஆல் வகுத்துப் பார்த்தேன். சொட்டுக்கூடச் சிந்தாமல் 9600 வந்தது, சீரியல் பேச்சின் வழக்கமான வேகம். 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 10,417 வரும், எட்டரை சதவீதம் தவறு, திரையில் குப்பை. இந்தக் கோணல் எண்ணுக்குக் காரணம் உண்டு. உங்கள் 33-க்குக் காரணம் காலாவதியாகிவிட்டது.

ஜூன் 9

இப்போது "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்பதற்கு வருகிறேன். நானும் அதே கட்சியில் இருந்தவன்தான்.

கிணற்று மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டி ஒன்று செய்து ஒரு தோட்டத்தில் மாட்டியிருந்தேன். உள்ளே இதே 328, ஒரு ரிலே, வெளியே ஸ்டார்ட்டரின் கான்டாக்டர், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச். மோட்டார் கிளம்பும்போது ஒன்றும் ஆகாது. நிற்கும்போது கான்டாக்டர் 'டக்' என்று விழும், அந்த நொடியே சில்லு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மோட்டாரை மறுபடி ஓட்டும். தண்ணீர் தொட்டி நிரம்பி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. தோட்டக்காரர் பொறுமைசாலி. "பெட்டிக்குத் தண்ணி ஆசை அதிகமா இருக்குதுங்க" என்றார்.

மின்சாரம் சரிகிறது என்று முடிவுகட்டி 470 மைக்ரோ போட்டேன். பிறகு 1000. பிறகு 2200. பெட்டியின் மூடி மூட முடியாத அளவுக்குக் கெப்பாசிட்டர் வளர்ந்ததே தவிர வியாதி தீரவில்லை. இரண்டு முறை வண்டியெடுத்துக்கொண்டு போய்வந்த பிறகு, மூன்றாம் முறை போர்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். என் 104 எங்கே இருக்கிறது? வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில், அழகாக வரிசையாக. சில்லு பத்து சென்டிமீட்டர் தள்ளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பியோ தடமோ, மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு (மின்தூண்டல்) ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. பத்து சென்டிமீட்டருக்கு 100. உள்ளே ஏதோ மாறி, 5 நானோ விநாடியில் 50 மில்லி ஆம்பியர் கூடுதலாகத் தேவைப்பட்டால், அந்தத் தடத்திலேயே ஒரு வோல்ட் விழுந்துவிடும். மறுமுனையில் 2200 மைக்ரோ இருந்தாலென்ன, மேட்டூர் அணையே இருந்தாலென்ன, தண்ணீர் குழாய் வழியாகத்தானே வரவேண்டும். வேகமான தேவைக்குப் பக்கத்திலிருக்கும் சொம்புதான் உதவும். 104 அந்தச் சொம்பு.

328-இன் 28 கால் சில்லில் 7 விசிசி, 8 கிரவுண்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். சிறிய வட்டு 104-இன் இரண்டு கால்களையும் குட்டையாக வெட்டி, போர்டின் அடிப்பக்கம் நேராக அந்த இரண்டு பொட்டிலும் ஈயம் வைத்தேன். 20-க்கும் 22-க்கும் இடையே இன்னொன்று, 20 ஏவிசிசி (அனலாக் பகுதிக்கான மின்சாரக் கால்), 22 கிரவுண்டு என்பதால். பிறகு கான்டாக்டர் காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 ஓமும் எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோவும் தொடராகப் போட்டேன். பெட்டி திருந்தியது. 2200-ஐக் கழற்றி 10 மைக்ரோ வைத்தேன், அப்போதும் திருந்தியே இருந்தது.

ஜூன் 9, சற்றுக் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தக் காயில் 230 வோல்ட். எக்ஸ்2 கெப்பாசிட்டர் 275 வோல்ட் ஏசிக்கானது. பல மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட். அங்கே இதைப் போடக்கூடாது. மேலே எழுதியதைப் பார்த்து யாரும் கான்டாக்டருக்குள் கையை விட வேண்டாம். தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஜூன் 11

முதல் நாள் சொன்னதில் ஒரு தவறு. ரீசெட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 104 போடச் சொன்னேன். "போட்டேன், இப்போது புரோகிராம் ஏறமாட்டேன் என்கிறது" என்று தம்பி எழுதியிருக்கிறார். சரிதான். கணினியையும் சில்லையும் இணைக்கும் யூஎஸ்பி மாற்றிப் பலகையின் டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பி இன்னொரு 104 வழியாக ரீசெட்டை ஒரு கணம் கீழே இழுத்துத்தான் சில்லை எழுப்புகிறது. நான் சொன்ன 104-உம் அதுவும் சம அளவு. இழுப்பை ஆளுக்குப் பாதி பங்குபோட்டுக்கொண்டன. 5 வோல்ட் விழவேண்டிய இடத்தில் இரண்டரைதான் விழுந்திருக்கும். சில சில்லுகளுக்கு அது ரீசெட், சிலவற்றுக்கு அல்ல. கழற்றிவிடுங்கள். 10 கிலோ ஓம் போதும்.

என் மோட்டார் பெட்டியில் அது வேலை செய்தது, ஏனென்றால் அங்கே நான் டிடிஆர் வழியாகப் புரோகிராம் ஏற்றவே இல்லை. ஓரிடத்து மருந்தை இன்னோரிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 17

சென்னை ரிச்சி தெருவில் "22 பிக்கோ" என்று கேட்டு வாங்கிவந்த பொட்டலத்தில் 221 என்று எழுதியிருக்கிறது, கிரிஸ்டல் துடிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று தம்பி கேட்கிறார். முதலில் சிரித்துக்கொள்ளலாம். நானும் இதில் விழுந்திருக்கிறேன்.

கடைசி எண் சுழிகளின் எண்ணிக்கை. 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சுழி, 1,00,000 பிக்கோ, அதாவது 100 நானோ. 103 என்றால் 10 நானோ. 221 என்றால் 22-க்குப் பின் ஒரு சுழி, 220 பிக்கோ. வேடிக்கை என்னவென்றால் 220 என்று எழுதியிருந்தால்தான் அது 22 பிக்கோ. சுழி ஒன்றும் சேர்க்காதே என்று பொருள். வெறும் 22 என்று எழுதியிருந்தாலும் 22 பிக்கோதான். ஆக 22-உம் 220-உம் ஒன்று, 221 பத்து மடங்கு. இந்த முறையைக் கண்டுபிடித்தவரை நிற்கவைத்துக் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு.

220 பிக்கோ இரண்டு மாட்டினால் கிரிஸ்டல் ஏன் துடிக்கவில்லை என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

ஜூலை 3

கடையில் 104 என்று வாங்குவதெல்லாம் 104 அல்ல. உள்ளே இருக்கும் பீங்கான் என்ன ஜாதி என்பதைப் பொறுத்தது. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. ஒய்5வி என்றால் அதன் வெப்ப எல்லைக்குள் 82 சதவீதம் வரை குறையலாம், அதுவும் விதிப்படியே! வெயிலில் கிடக்கும் தகரப் பெட்டிக்குள் அப்படிப்பட்ட 104 ஒன்று, பத்து ரூபாய் நோட்டில் எட்டு ரூபாயைத் தொலைத்தது போல நிற்கும்.

கிரிஸ்டலுக்குப் போடும் பிக்கோக்கள் சி0ஜி அல்லது என்பி0 வகையாக இருக்கட்டும். அது வெப்பத்துக்கு அசையாது. நல்லவேளையாக அந்தச் சிறிய மதிப்புகள் பெரும்பாலும் அந்த வகையிலேயே வருகின்றன.

இன்னொரு திருட்டும் உண்டு. 10 மைக்ரோ, 6.3 வோல்ட் என்று விற்கும் சிறிய பீங்கான் சில்லுக் கெப்பாசிட்டரில் 5 வோல்ட் ஏற்றினால் பாதிக்குமேல் காணாமல் போய்விடும். வெப்பம் காரணமல்ல, வோல்ட்தான். எலெக்ட்ரோலிட்டிக்கில் இந்தத் தொல்லை கிடையாது. பீங்கானில் 5 வோல்ட் இடத்துக்கு 16 வோல்ட் அல்லது 25 வோல்ட் சரக்கு வாங்குங்கள், உடம்பும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

(முதல் நாள் பெரியது கூடாது என்றேன். இப்போது பெரிதாக வாங்கு என்கிறேன். அன்று சொன்னது மதிப்பை, இன்று சொல்வது உடம்பை.)

ஜூலை 22

ஏழு வாரம் கழித்து இன்றுதான் சொல்கிறார்: இந்தச் சுற்று பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்காம். நேரத்தை 328-இன் டைமரே, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எண்ணி எண்ணி வைத்துக்கொள்கிறதாம்.

தம்பி, இதை ஜூன் 4 அன்றே சொல்லியிருக்க வேண்டும், அல்லது நான் கேட்டிருக்க வேண்டும். ஜூன் 5-இல் யானைத் தராசு, எறும்பு என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். கடிகாரத்துக்கு அந்த எறும்புதான் யானை. ஒரு பிபிஎம் தவறினால் ஒரு மாதத்துக்கு 2.6 விநாடி. 22-க்கும் 33-க்கும் நடுவே சுமையில் ஐந்தரை பிக்கோ வித்தியாசம், ஐம்பது முதல் எண்பது பிபிஎம். மாதத்துக்கு இரண்டு நிமிடத்திலிருந்து மூன்றரை நிமிடம் வரை. காலை வழிபாட்டுக்கு மூன்று நிமிடம் முன்னால் மணி அடித்தால் தலைமையாசிரியர் உங்களைத் தேடுவார்.

ஜூலை 23

தேடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைத் தேடினார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கு மணி செய்துகொடுத்தேன். கெட்டிக்காரத்தனமாக டைமரை நம்பாமல் டிஎஸ்1307 கடிகாரச் சில்லு, 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எல்லாம் போட்டேன். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது தொலைபேசி வந்தது. மணி ஐந்து நிமிடம் பின்தங்கி அடிக்கிறது, பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடவேளை நீளுகிறது, பேருந்து போய்விடுகிறது. இரண்டே மாதத்தில் ஐந்து நிமிடம்.

போய்ப் பெட்டியைத் திறந்தேன். அந்தச் சின்னஞ்சிறிய உருளைக் கிரிஸ்டலின் இருபுறமும் காவல்காரர்கள் போல இரண்டு 22 பிக்கோ. யார் போட்டது? நான்தான். கிரிஸ்டல் என்றால் இரண்டு 22 என்று கை பழகிவிட்டது. டிஎஸ்1307 தனக்கு வேண்டிய சுமையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, 12.5 பிக்கோ கிரிஸ்டலுக்கென்றே. வெளியே எதுவும் போடக்கூடாது. நான் 11 பிக்கோவைக் கூடுதலாகச் சுமத்தினேன். அந்தக் கிரிஸ்டல் ஐம்பது பிபிஎம் சுற்றுவட்டாரத்தில் மெதுவாகி, நாளுக்கு நான்கைந்து விநாடி தூங்கிவிட்டது.

ஈயம் உருக்கும் பற்றவைப்பு இரும்பை வைத்து இரண்டையும் எடுத்தேன். நடந்ததைத் தலைமையாசிரியரிடம் விளக்கினேன். "அதாவது, நீங்கள் எதுவும் போடாமல் இருந்திருந்தால் சரியாக ஓடியிருக்கும்" என்றார். கணித ஆசிரியர் அவர்.

ஜூலை 24

மின்துடிப்பைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எத்தனை பிக்கோ சரி என்று பார்க்கக் கிரிஸ்டல் காலிலேயே புரோபை (அளக்கும் முனையை) வைக்காதீர்கள். பத்து மடங்கு புரோப் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து பிக்கோ கொண்டுவரும், ஒரு மடங்கில் நூறுக்குப் பக்கம். அளக்கப் போனவனே சுமையாகிவிடுவான். 328-இல் சிகேஅவுட் ஃபியூஸை (சில்லுக்குள் நிரல் வழியாக மாற்றும் ஓர் அமைப்பை) இயக்கினால் அதே துடிப்பு 14-ஆம் காலில் வெளியே வரும். அங்கே அளந்துகொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 6

மணியை வைஃபை வழியாகவும் மாற்ற ஒரு ஈஎஸ்பி8266 சேர்த்திருக்கிறார். அது இணையும் போதெல்லாம் தானே மறுபடி தொடங்குகிறது. எத்தனை மைக்ரோ போடலாம் என்கிறார்.

கணக்கு எளிது. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, எவ்வளவு வோல்ட் சரியலாமோ அதனால் வகுக்க வேண்டும். 300 மில்லி ஆம்பியர், 100 மைக்ரோ விநாடி, 0.1 வோல்ட் சரியலாம் என்றால் 300 மைக்ரோ. அதே 300 மில்லி ஆம்பியர் ஒரு மில்லி விநாடி நீடித்தால் 3000 மைக்ரோ. பத்து மில்லி விநாடி என்றால் கெப்பாசிட்டரை மாட்டுவண்டியில் கொண்டுவர வேண்டும். சில நூறு மைக்ரோ விநாடிக்கு மேல் கெப்பாசிட்டர் பொறுப்பல்ல, ரெகுலேட்டர் பொறுப்பு. உங்களுடைய 3.3 வோல்ட் எங்கிருந்து வருகிறது?

ஆகஸ்ட் 7

சீரியல் பலகையின் 3.3 வோல்ட் காலிலிருந்தாம். பல பலகைகளில் அது 50 மில்லி ஆம்பியருக்கே மூச்சு வாங்கும். அங்கே எந்தக் கெப்பாசிட்டரும் பயனில்லை.

ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்று வாங்கி, வெளியேறும் பக்கம் 22 மைக்ரோ டான்டலம் போடுங்கள். அதன் தரவுத்தாள் அதைத்தான் கேட்கிறது. நல்ல பீங்கான் இருக்கிறதே, அதைப் போடலாமே என்று தோன்றும். இந்தப் பழைய தலைமுறை ரெகுலேட்டருக்குக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் உள்மின்தடை இருந்தால்தான் நிலைக்கும்; சுத்தமான பீங்கானை மட்டும் வைத்தால் அது ஊசலாட வாய்ப்புண்டு. டான்டலத்தில் பட்டை போட்ட முனை பாசிட்டிவ். எலெக்ட்ரோலிட்டிக்கில் பட்டை நெகட்டிவ். மாற்றி மாட்டினால் டான்டலம் கோபித்துக்கொள்ளும், புகையோடு.

ஈஎஸ்பி பக்கத்தில் ஒரு 104, ஒரு 100 மைக்ரோ. சொம்பும் குடமும்.

செப்டம்பர் 10

தம்பி கணக்கு அனுப்பியிருக்கிறார். டிஎஸ்1307-க்கு மாறி, வெளியே எதுவும் போடாமல், 30 நாள் ஓட்டியதில் 38 விநாடி பின்தங்கல். ஏறக்குறைய 15 பிபிஎம். இந்தக் கிரிஸ்டலுக்கு 20 வரை விதிப்படியே தவறலாம், ஆக வெற்றிதான். "சுமையைக் கொஞ்சம் குறைத்து இதையும் சரிசெய்யலாமா, கிரிஸ்டலின் தடத்தைச் சுரண்டலாமா?" என்று கேட்கிறார்.

கையை எடுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, நள்ளிரவில், ஐந்து விநாடி கூட்டும் ஒரு வரியை நிரலில் எழுதுங்கள்.

செப்டம்பர் 10, இரவு

வெயில் காலத்தில் இந்த வரி போதாது. இந்தக் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் தன் உச்ச வேகத்தில் இருக்கும். அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும், விலகலின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் வரும் பிபிஎம். பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் இருபதின் வர்க்கம் 400, கிட்டத்தட்ட 14 பிபிஎம் கூடுதல் தூக்கம். வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் டிஎஸ்3231 போட்டால் இந்தத் தலைவலி இல்லை. கிரிஸ்டலும் அதற்குள்ளேயே இருக்கிறது, நமக்கு மிஞ்சுவது ஒரே ஒரு 104.

ஆனால் போர்டு செய்தாகிவிட்டது என்கிறார். இருக்கட்டும். வெயில் உச்சத்துக்கு ஏறும் மே மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை.